விஞ்ஞான ஆசிரியரும் மாணவர் ஐயமும்



வினா ஆறு வகைப்படும் என்று நன்னூல் கூறுவதைப் பள்ளியில் நெட்டுருச் செய்த நேயர்கள் பலர் இருப்பீர்கள். அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என்பன அவை. நம் வகுப்பறைகளில் காலை மணி அடித்தது முதல் மாலை மணி அடிக்கும் வரை எழும் வினாக்களை ஒருவர் குறித்துக்கொண்டு வருவாராயின், அவற்றுள் பெரும்பாலானவை முதல் வகையைச் சேர்ந்தனவாகவே இருக்கும். விடையைத் தாம் அறிந்து வைத்துக்கொண்டு, பிறன் அறிவானோ என்று சோதிப்பதற்காகக் கேட்பது அறிவினா. கடைத்தெருவில் இவ்வாறு யாரும் கேட்பதில்லை; விலை தெரிந்தவன் விலை கேட்பதில்லை. பள்ளிக்கூடத்தில் மட்டுமே, தெரிந்தவர் கேட்கிறார், தெரியாதவன் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறான்.

மாணவனுக்கு இயல்பாக எழுபவை வேறு இரண்டு. ஒன்று அறியா வினா. மற்றொன்று ஐய வினா. இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதை நம் இலக்கண ஆசிரியர்கள் நன்கு உணர்ந்திருந்தனர். மங்கிய வெளிச்சத்தில் தூரத்தே ஓர் உருவம் தெரிகிறது. அது மரக்கட்டையோ மனிதனோ என்று ஒருவன் தடுமாறுகிறான். உரைகளில் பழகிப்போன உதாரணம் இது. தடுமாறுகிறவன் ஒன்றும் அறியாதவன் அல்லன். இரண்டில் ஒன்றாக இருக்கவேண்டும் என்பது வரை அறிந்திருக்கிறான். எதைப் பார்த்தால் முடிவு கட்டலாம் என்பதும் அவனுக்குத் தெரியும்: சற்று நெருங்கிச் சென்று, அசைகிறதா என்று பார்க்கவேண்டும். ஆகவே ஐயம் என்பது அறியாமையினின்று புறப்பட்டு அறிவை நோக்கிப் பாதி வழி வந்துவிட்ட நிலை. இந்தப் பாதி வழியில் நிற்கும் மாணவனை ஆசிரியர் எவ்வாறு நடத்துவது, அதற்கு ஆசிரியரை எவ்வாறு பயிற்றுவது என்பதே இன்றைய பேச்சு.

இதைச் சொல்வதற்கு வட அந்தமானில் உள்ள திக்லிபூரை நான் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. அந்தமான் நெடுஞ்சாலை முடிவடையும் கோடி அது. 732 மீட்டர் உயரமுள்ள சாடில் சிகரம் அதன் அருகே நிற்கிறது. அந்தமான் தீவுகளில் அதனினும் உயர்ந்த மலை இல்லை. கல்போங் என்னும் ஆறு அவ்வழியே ஓடுகிறது. 1950-களில் கிழக்கு வங்கத்தினின்று வந்த அகதிகளுக்கு அங்கே நிலம் வழங்கப்பட்டது. அவர்களோடு தமிழர், தெலுங்கர், மலையாளிகள், சோட்டா நாகபுரியிலிருந்து வந்த தொழிலாளர் ஆகியோரும் அத்தீவில் குடியேறினர். வீட்டில் ஒரு மொழி, தெருவில் இந்தி, புத்தகத்தில் பெரும்பாலும் வேறொரு மொழி என்று வளரும் குழந்தைகள் அங்கே மிகுதி. பம்பாயிலும் கல்கத்தாவிலும் டில்லியிலும் வாழும் நம் நேயர்களின் குழந்தைகள் நிலையும் ஏறத்தாழ இதுவே அல்லவா? பாடப்புத்தகமோ கடலுக்கு அப்பால் எழுதப்படுவது. புத்தகம் சொல்வதும் கண் காண்பதும் முரண்படும் இடங்கள் திக்லிபூரில் மிகுதி. ஆகையால் ஐயமும் மிகுதி. விஞ்ஞான ஆசிரியருக்கு இது ஒரு பெரும் பாக்கியம் என்றே சொல்வேன்.

ஓர் எளிய பரிசோதனையைப் பார்ப்போம். நண்பகல் பன்னிரண்டு மணிக்குச் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும், நிழல் மிகச் சிறியதாக இருக்கும் என்பது பிள்ளைகள் கேட்டுப் பழகிய வாக்கியம். திக்லிபூரில் ஒரு பள்ளி முற்றத்தில் கோல் ஒன்றை நிறுத்தி, காலை பத்தரை மணி முதல் கால் மணிக்கு ஒருமுறை நிழலின் நுனியில் கல் வைத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். பன்னிரண்டு மணி அடிக்கும்போது நிழல் நீளத் தொடங்கி நெடுநேரம் ஆகியிருக்கும். மிகச் சிறிய நிழல் விழுந்தது பதினொன்றே காலை ஒட்டி. காரணம் கணக்கில் இருக்கிறது. இந்தியா முழுவதற்கும் பொதுவான கடிகார நேரம் 82½ பாகைத் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்டது. திக்லிபூரோ 93 பாகையில் உள்ளது. பாகை ஒன்றுக்கு 4 நிமிஷம் வீதம், அங்கே சூரியன் 42 நிமிஷம் முன்னதாகவே உச்சிக்கு வந்துவிடுகிறான். பருவத்தைப் பொறுத்து இது கால் மணி நேரம் வரை முன்பின் ஆகும்.

இக்கணக்கை ஆசிரியர் முதலிலேயே சொல்லிவிடுவாரானால் ஐந்து நிமிஷத்தில் பாடம் முடிந்துவிடும். பிள்ளைகள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வர். சொல்லாதிருந்தால் என்ன நிகழும்? ஒருவன் கடிகாரம் தவறு என்பான். இன்னொருத்தி கோல் சாய்ந்திருக்கிறது என்பாள். மூன்றாமவன் புத்தகத்தின்மேல் வைத்த நம்பிக்கையால் தன் கல்லையே சற்று நகர்த்தி வைத்துவிடுவான். இத்தகையவன் எல்லா வகுப்பிலும் ஒருவன் உண்டு, என் பள்ளி நாட்களில் நானே அவனாக இருந்திருக்கிறேன். இந்த மூன்று பேச்சும் வெளியே வந்த பிறகுதான் வகுப்பில் ஐயம் பிறந்திருக்கிறது என்று பொருள். கடிகாரம் தவறா என்பதை இன்னொரு கடிகாரத்தைக் கொண்டு பார்க்கலாம். கோல் சாய்ந்ததா என்பதைக் கல் கட்டிய தூக்குநூலால் பார்க்கலாம். இவ்விரண்டும் இல்லையென்று ஆன பின்னர் எஞ்சி நிற்கும் கேள்விக்கே 42 நிமிஷக் கணக்கு விடையாகிறது.

இங்கே இன்னொரு சங்கடமும் நேரும். உச்சி வேளையை ஒட்டி நிழலின் நீளம் மிக மெதுவாகவே மாறும். ஆதலால் ஐந்து குழுக்கள் அளந்தால் ஐந்து வெவ்வேறு நேரங்கள் கிடைக்கும். எது சரி என்று பிள்ளைகள் ஆசிரியர் முகத்தைப் பார்ப்பார்கள். பயிற்சியில்லாத ஆசிரியர், தமக்குத் தெரிந்த விடைக்கு அருகில் வந்த குழுவைப் பாராட்டி மற்ற நான்கையும் அழித்துவிடுவார். பயிற்சி பெற்றவர் ஐந்தையும் கரும்பலகையில் அப்படியே எழுதி, “இத்தனை வேற்றுமை ஏன் வந்தது? இதைக் குறைக்க வழி உண்டா?” என்று கேட்பார். வழி உண்டு. கோலை மையமாக வைத்து ஒரு வட்டம் வரைந்து, காலையில் நிழல் நுனி வட்டத்தைத் தொடும் நேரத்தையும், பிற்பகலில் மறுபடி தொடும் நேரத்தையும் குறித்து, இரண்டிற்கும் நடுவைக் கண்டால் உச்சி நேரம் துல்லியமாகக் கிடைக்கும். கோலின் நிழல் கொண்டு திசையும் வேளையும் அறிவது நமக்குப் புதிதல்ல. அரண்மனை வகுக்கும் நூலறி புலவர் கோல் நிறுத்தி நிழல் பார்த்த செய்தி நெடுநல்வாடையில் வருகிறது.

ஆசிரியருக்கே இவ்வழி தெரியாதிருந்தால் என்ன செய்வது? இதுதான் விஷயத்தின் உயிர்நிலை. மாணவனின் ஐயத்தை ஆசிரியர் அடக்குவது பெரும்பாலும் கோபத்தினால் அன்று, அச்சத்தினால். தமக்குத் தெரியாதது வெளிப்பட்டுவிடுமே என்ற அச்சம். திக்லிபூரின் கரையோரத்துப் பிள்ளை ஒருத்தி இப்படிக் கேட்பதாக வைத்துக்கொள்வோம்: “ராஸ் தீவுக்கும் ஸ்மித் தீவுக்கும் இடையே உள்ள மணல்திட்டு நீர் வற்றும்போது தெரிகிறது, நீர் ஏறும்போது மறைகிறது. சந்திரன் இழுப்பதால் நீர் ஏறுகிறது என்றீர்கள். சந்திரன் ஒரு நாளில் ஒரு தடவைதானே உச்சிக்கு வருகிறான்? நீர் ஏன் இரண்டு தடவை ஏறுகிறது?” பட்டம் பெற்ற ஆசிரியரையும் திணற வைக்கும் கேள்வி இது. “இது பரீட்சைக்கு வராது” என்பது ஒரு பதில். “மேல்வகுப்பில் படிப்பாய்” என்பது மற்றொன்று. புரியாத சொற்களைக் கோத்துப் பிள்ளையை வாயடைப்பது மூன்றாவது. மூன்றிலும் இதுவே கெடுதலானது.

“எனக்கும் தெளிவாகத் தெரியவில்லை, கேள்வி நல்ல கேள்வி” என்று கூறி, அதைக் கரும்பலகையின் மூலையில் தேதியிட்டு எழுதி வைக்கும் ஆசிரியர், அந்த வாரத்தில் அதை மறவாமல் தேடிவந்து பதில் கூறுவாரானால், அப்பிள்ளை கற்பது அலையேற்றம் மட்டும் அன்று. விடை இதுதான்: சந்திரனை நோக்கிய பக்கத்து நீரைச் சந்திரன் பூமியைக் காட்டிலும் சற்று அதிகமாக இழுக்கிறான், எதிர்ப்பக்கத்து நீரைப் பூமியைக் காட்டிலும் சற்றுக் குறைவாக இழுக்கிறான். ஆகவே ஒரு பக்கம் நீர் முன்னே செல்கிறது, மறுபக்கம் பின்தங்குகிறது. இரு பக்கமும் புடைக்கிறது. பூமி சுழலும்போது ஒரே கரை இரு புடைப்புகளையும் கடக்கிறது. அடுத்த நாள் அதே ஏற்றம் ஏறத்தாழ 50 நிமிஷம் தாமதித்து வருவதைப் பிள்ளைகள் தாங்களே குறித்துப் பார்க்கலாம்.

“தெரியவில்லை” என்று சொல்லும் துணிவு உபதேசத்தினால் வராது. ஆசிரியர் தாமே ஒருமுறை மாணவராக உட்கார்ந்து, விடை தெரியாமல் திண்டாடி, பின்னர் தம் கையால் கண்டடைந்தால்தான் வரும். நம் நாட்டிலேயே இதற்குச் சிறந்த முன்மாதிரி ஒன்று இருந்தது. 1972-இல் மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் மாவட்டத்தில், கிஷோர் பாரதி, ரசூலியாவிலிருந்த நண்பர்கள் கிராம மையம் ஆகிய இரு ஸ்தாபனங்கள் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய விஞ்ஞானப் போதனைத் திட்டம் அது. 1978-இல் மாவட்டத்தின் நடுநிலைப் பள்ளிகள் அனைத்திற்கும் அது விரிவடைந்தது. 1982-இல் தோன்றிய ஏகலவ்யா என்னும் ஸ்தாபனம் பின்னர் அதைப் பேணி வளர்த்தது. பம்பாயின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம், டில்லிப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களிலிருந்து விஞ்ஞானிகள் கிராமத்து ஆசிரியர்களோடு வந்து தரையில் அமர்ந்தனர்.

அத்திட்டத்தின் ‘பால் வைஞானிக்’ என்னும் புத்தகத்தில் விடைகள் அச்சிடப்படவில்லை. செய்யவேண்டிய பரிசோதனையும், அதன்மேல் கேள்விகளும் மட்டுமே இருந்தன. கோடை விடுமுறையில் பல நாட்கள் நடைபெற்ற பயிற்சி முகாமில், பிள்ளைகள் செய்யவேண்டிய ஒவ்வொரு பரிசோதனையையும் ஆசிரியர்கள் முதலில் தாங்களே சிறு குழுக்களாகச் செய்தனர். குழுவுக்குக் குழு முடிவு மாறுபட்டால் அதையே பேசுபொருள் ஆக்கினர். காசைச் சுண்டிப் போட்டுத் தற்செயலையும் நிகழ்தகவையும் அறியும் பாடம் ஒன்றும் அதில் உண்டு. அளவையில் ஐயம் என்பது குற்றமன்று, அளப்பதன் இயல்பு என்பதை இதனினும் எளிதாகக் காட்ட முடியாது. பயிற்சி முகாமோடு விட்டுவிடாமல், மாதந்தோறும் ஆசிரியர்கள் கூடி வகுப்பில் நேர்ந்த இடர்களைப் பேசினர். பிள்ளைகள் தங்கள் கேள்விகளை ‘சவாலிராம்’ என்ற கற்பனை மனிதருக்குக் கடிதமாக எழுத, அவர் பெயரில் பதில் வந்தது. தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ள அனுமதி இருந்தது; செய்முறைத் தேர்வும் இருந்தது. நெட்டுருவைச் சோதிக்கும் பரீட்சை நீடிக்கும் வரை, ஐயத்திற்கு இடம் கொடுக்க எந்த ஆசிரியருக்கும் மனம் வராது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

2002-இல் மாநில அரசு அத்திட்டத்தை முடித்துவிட்டது. அம்மாவட்டத்தின் பெயரும் 2022-இல் நர்மதாபுரம் என்று மாறிவிட்டது. திட்டம் முப்பது ஆண்டு நடந்தது என்பதை எண்ணி வியப்பதா, பிறகு நின்றது என்பதை எண்ணி வருந்துவதா என்பதை நேயர்களுக்கே விடுகிறேன்.

பயிற்சியில் பழகவேண்டியவற்றுள் மிகச் சிறியதும் மிகக் கடினமானதும் ஒன்று உண்டு. மேரி பட் ரோ என்ற அமெரிக்க அம்மையார், வகுப்பறைப் பேச்சை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் விடைக்காகக் காத்திருந்தது சராசரியாக ஏறத்தாழ ஒரு விநாடிதான் என்று கண்டார். அதை மூன்று விநாடியாக நீட்டியபோது, பிள்ளைகளின் விடைகள் நீண்டன. காரணம் சொல்வது மிகுந்தது. பேசாத பிள்ளைகளும் பேசினர். மூன்று விநாடி என்றால் அற்பம் என்று தோன்றும். நாற்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, வாய் திறவாமல் மூன்று விநாடி நின்று பாருங்கள், தெரியும். வேற்று மொழியில் கற்கும் பிள்ளைக்கு அந்த விநாடிகள் இருமடங்கு வேண்டும். கேள்வியைத் தன் மொழியில் நினைத்து, விடையைப் பிறர் மொழியில் கோக்கவேண்டும் அல்லவா? அம்மௌனத்தை அறியாமை என்று கணித்துவிடுகிறவர்கள் பலர். அப்பிள்ளை வீட்டுக்கு வந்து தமிழில் அதே விஷயத்தைத் தாயிடம் தெளிவாகச் சொல்வதை நேயர்களில் எத்தனை பேர் கேட்டிருப்பீர்கள்!

இனி, ஐயத்தை எழுப்புவதும் தாங்குவதும் போதுமா? போதாது. காலம் வந்தால் அதைத் தீர்க்கவும் வேண்டும். சான்றைக் கொண்டு தீர்க்கவேண்டும். இதற்குத் திக்லிபூரே ஒரு பெரும் பாடத்தை வைத்திருக்கிறது.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் நேர்ந்த பூகம்பத்தையும் ஆழிப்பேரலையையும் மறந்தவர் யார்? சுமத்ராவிலிருந்து வட அந்தமான் வரை ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலாகப் பூமி பிளந்து நழுவியது. அதன்பின் வட அந்தமானின் கரைகளில் கடல் நிரந்தரமாக விலகிப்போனது போல் தோன்றியது. நீருக்குள் இருந்த பவளப்பாறைகள் வெளியே நின்று வெயிலில் மாண்டன. இன்று வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் அன்று பிறக்கவில்லை. ஆயினும், “முன்னெல்லாம் இதுவரை தண்ணீர் வரும்” என்று பாட்டிமார் சுட்டிக்காட்டக் கேட்டிருப்பார்கள். இப்போது ஐய வினா எழுகிறது: கடல் தாழ்ந்ததா, நிலம் உயர்ந்ததா?

மாண்ட பவளத்தைக் காட்டி, “நிலம் உயர்ந்ததற்கு இதுவே சாட்சி” என்று ஆசிரியர் கூறிவிடலாம். அது சரியன்று. கடல் தாழ்ந்திருந்தாலும் பவளம் வெளியே வந்து மாண்டிருக்கும். இரு கட்சிக்கும் பொதுவான சாட்சி எந்தக் கட்சியையும் நிலைநாட்டாது. இதை ஒரு பிள்ளை தானே கண்டு சொல்லும் நாள், அவ்வாசிரியர் தொழிலில் நல்ல நாள். இரண்டையும் பிரித்துக் காட்டும் சாட்சி எங்கே? தெற்கே, நேர்க்கோட்டில் ஏறத்தாழ 180 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்றுள்ள போர்ட் பிளேரில், அதே நாளில் கடல் ஏறிவிட்டது. அருகிலுள்ள சிப்பிகாட்டின் நெல்வயல்கள் உப்புநீரில் மூழ்கின. இன்னும் தெற்கே பெரிய நிக்கோபாரின் இந்திரா முனையில் நிலம் 4 மீட்டருக்கும் மேல் தாழ்ந்து, கலங்கரை விளக்கத்தின் அடிப்பாகம் நீருள் நின்றது.

கடல் ஒன்றே, தொட்டியில் உள்ள நீர் போன்றது. ஒரு மூலையில் தாழ்ந்து மறு மூலையில் உயர்ந்து ஆண்டுக்கணக்கில் நிற்க அதனால் முடியாது. ஆகவே அசைந்தது நிலமே. தீவுகளுக்கு மேற்கே இந்தியப் பாறைத்தட்டு அடியில் நுழையும் ஆழ்பள்ளம் உள்ளது. பல காலமாக அழுந்திக் கீழே இழுபட்டிருந்த விளிம்பு, பிடி விட்டவுடன் துள்ளி எழுந்தது. அதற்குப் பின்புறம் இருந்த பகுதி தாழ்ந்தது. வட அந்தமான் எழுந்த பகுதியில் அமைந்தது, தென் அந்தமான் தாழ்ந்த பகுதியில் அமைந்தது. மேற்குக் கரையில் சில இடங்கள் ஒரு மீட்டருக்கும் மேல் உயர்ந்தன.

இந்த ஐயம் இவ்வாறு தீர்ந்தது. இதை மறுபடி “அவரவர் அபிப்பிராயம்” என்று விட்டுவைப்பது ஆசிரியர் கடமை ஆகாது. அடுத்த பெரும் பூகம்பம் என்றைக்கு வரும் என்ற கேள்வியோ இவ்விதம் தீராதது. நாளும் மணியும் முன்கூட்டிச் சொல்லும் முறை உலகில் எவரிடமும் இல்லை. பூகம்பம் நேருகிற பூமியில் வாழும் பிள்ளைக்கு இந்த இரண்டிற்கும் உள்ள வேற்றுமை தெரிந்திருப்பது உயிர்காக்கும் விஷயம். நாள் குறித்துப் பரவும் வதந்திக்கு அவன் அஞ்சமாட்டான். தரை நெடுநேரம் ஆடினால், எவர் சொல்லுக்கும் காத்திராமல் மேட்டை நோக்கி ஓடுவான்.

நேயர்கள் தத்தம் ஊரிலேயே கோல் நிறுத்திப் பார்க்கலாம். சென்னையும் திக்லிபூரும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில், 13 பாகையை ஒட்டியே உள்ளன. ஏப்ரல் பிற்பகுதியில் ஒரு நாளும் ஆகஸ்டு நடுப்பகுதியில் ஒரு நாளும் தவிர, மற்ற நாட்களில் இரண்டு ஊரிலும் உச்சிச் சூரியன் சரியாகத் தலைக்கு மேலே நிற்பதில்லை. ஆயினும் திக்லிபூரில் உச்சி ஆகி 50 நிமிஷம் சென்றபின்தான் சென்னையில் உச்சி ஆகிறது. கல்கத்தாவில் சராசரியாக மணி பதினொன்றே முப்பத்தாறுக்கு ஆகும். டில்லியில் பன்னிரண்டே இருபத்தொன்றுக்கு. பம்பாயில் பன்னிரண்டே முப்பத்தொன்பதுக்கு. விடைகளை நான் கூறிவிட்டேன். உங்கள் பிள்ளைகளிடம் நீங்கள் கூறாதிருங்கள். கோலும் கற்களும் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு மொட்டைமாடிக்கு அனுப்பிவிட்டு, “பன்னிரண்டுக்கு நிழல் சிறிதாகவில்லையே!” என்று அவர்கள் இறங்கி வந்து சொல்லும் வரை காத்திருங்கள்.